இடது பின் ஸ்பீக்கர்

15 ஜூன் 2025, ஞாயிறு

பெட்டி நேற்றே வந்துவிட்டது. நான் மளிகை வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து கூரியர்காரர் வந்திருக்கிறார். வீட்டுக்காரர், இவர்தான், கையெழுத்துப் போட்டு வாங்கி, தன் உரக்கடை மேசையில் யூரியா மாதிரிப் பொட்டலங்களோடு வைத்துவிட்டார். ராத்திரி கடை அடைத்து வரும்போதுதான் கையில் கிடைத்தது. பிரிக்கவில்லை. பாத்திரம் கழுவாமல், துணி நனைக்காமல், மனசில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் உட்கார வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

ஐந்தாவது ஆல்பம், 'டைட் டேபிள்'. பாண்டி அண்ணன் சிங்கப்பூரில் இரண்டு வாங்கி ஒன்றை எனக்கு அனுப்பிவிடும். கோலின் ஆர்டேல் பாடியது ஏழே ஆல்பம். அதற்குப் பிறகு அந்த ஐரிஷ்காரர் கிட்டாரைத் தூக்கி வைத்துவிட்டுத் தோட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாராம். இப்போது கம்பெனிக்காரர்கள் அந்தக் காலத்து நாடாக்களைத் தேடி எடுத்து, தூசி துடைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிரித்து, முன்னால் மூன்று பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கருக்குப் புதிதாகக் கலந்து, வருஷத்துக்கு இரண்டாக வெளியிடுகிறார்கள். காரைக்குடியில் அவர் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

பத்தாவது படிக்கும்போது அண்ணன் கப்பல் பட்டறையிலிருந்து லீவில் வந்து ஒரு வாக்மேனும் ஒரு கேசட்டும் கொடுத்தது. பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த ஆள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று மட்டும் புரிந்தது. அதே பாட்டைத்தான் இன்று காலை கேட்டேன். பாட்டில் வருகிற அலைச் சத்தம் எனக்குப் பின்னால் வலமிருந்து இடமாகப் போகிறது. டிரம் அடிப்பவர் இடது தோளுக்குப் பின்னால் குச்சியை மாற்றிப் பிடிக்கிற சத்தம்! இத்தனை வருஷமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இவர் மாடி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டுனா நாலு ஊரு கேக்கும். நீ அஞ்சு பொட்டியைக் கட்டி ஒத்த ஆளுக்குப் போடுறே."

"உள்ள வந்து உக்காருங்களேன்."

"எனக்கு எதுக்கு? அங்குட்டு வண்டி நிக்குது, லோடு எறக்கணும்."

சாயந்திரம் அண்ணன் போன். ஒரு மணி நேரம். "அந்தக் குச்சி மாத்துறது கேட்டியா?" "கேட்டேண்ணே!" எங்களுக்கு வேறு பேச்சே இல்லை என்று அண்ணி அங்கே சிரிக்கிறது.

24 ஜூன், செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு எனக்கு. நாற்பத்தாறு பிள்ளைகள். ஒலிப் பாடம் இரண்டாம் பருவத்தில்தான். அதை முதலில் நடத்த விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

6 ஜூலை, ஞாயிறு

நேற்று எழுந்ததிலிருந்து இடது காது அடைப்பு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஃபேனுக்கு அடியில் படுத்தது. காதுக்குள்ளே குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வருகிற 'உஸ்' மாதிரி ஒன்று. எழுந்து நிற்கும்போது கொஞ்சம் தள்ளியது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அழுக்கு அடைத்திருக்கும், ஊறினால் சரியாகிவிடும் என்றார்கள்.

அது போகட்டும். இன்று ஆர்டேலைப் போட்டால் இடது பக்கம் செத்துக் கிடக்கிறது. பின்னால் இடது ஸ்பீக்கர் சுத்தமாக இல்லை. முன்னால் இடதும் மங்கல். எலி வயரைக் கடித்துவிட்டதா? அறை முழுக்க ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பார்த்தேன். வயர் நன்றாக இருக்கிறது.

முறைப்படி சோதித்தேன். இடது ஸ்பீக்கரை வலது பக்கம் மாட்டினேன், பாடுகிறது. வலது ஸ்பீக்கரை இடது பக்கம் வைத்தேன், பாடவில்லை. ஆக ஸ்பீக்கரில் குறை இல்லை. ஆம்ப்ளிஃபயரில்தான் இடது பக்கம் போய்விட்டது. இயற்பியல் டீச்சர் வேறென்ன சொல்வாள்.

9 ஜூலை, புதன்

செக்காலையில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் கோபிநாத் வந்தார். இந்த செட்டை மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இவர்தான் திறந்துவிட்டிருக்கிறார். "நல்லாத்தானே கேக்குது" என்று கோபிநாத் சொன்னாராம். எனக்குக் கோபம். வந்ததும் போன் போட்டேன்.

"நீங்க காதை வச்சு சரியாப் பாத்தீகளா கோபி?"

"பாத்தேன் டீச்சர். எதுக்கும் மதுரைக்குக் குடுத்துவிட்டுப் பாத்துருவோம். சூடாச்சுன்னா கட்டாகுதோ என்னமோ."

ஆம்ப்ளிஃபயர் மதுரைக்குப் போனது. அறை மொட்டையாக இருக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

வகுப்பில் ஒரு அவமானம். கேள்வி கேட்டேன். ஒரு பிள்ளை பதில் சொன்னாள். நான் வலது பக்கம் திரும்பி, "யாரு, எந்திரிச்சு சொல்லு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் இடது பக்கம் ஜன்னலோரம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "டீச்சர், இங்குட்டு டீச்சர்" என்கிறாள் பாவம். நானும் சிரித்து வைத்தேன்.

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்க வேண்டும். சளி இறங்கினால் விட்டுவிடும். இறங்கிவிடும்.

19 ஜூலை, சனி

எழுத வேண்டும். எழுதிவிட்டால் உண்மையாகிவிடும். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஒரு குறையும் இல்லை என்று சீட்டு. கோபிநாத்தே கொண்டுவந்து மாட்டினார். பாட்டைப் போட்டார். நான் நடு நாற்காலியில்.

"வரல கோபி. பாருங்க, இடது பக்கம் ஒண்ணுமே வரல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க செத்த உக்காந்து பாருங்க."

இவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் அவர். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்.

"வருது சத்யா."

"எங்குட்டு வருது?"

"எல்லாப் பக்கமும் வருது. இந்தா, இங்குட்டுத்தான் மத்தளம் மாதிரி அடிக்கிறான்." இடது தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

அவரை எழுப்பிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பின்சுவரைப் பார்த்து, முன் ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இப்போது அந்த டிரம் வலது காதுப் பக்கம் வர வேண்டும். வந்தது. தெளிவாக வந்தது. குச்சி மாற்றுவதுகூட. அதுவரை கேட்ட அந்தப் பக்கம் செத்துப்போனது.

ஸ்பீக்கரை மாத்தினேன், வயரை மாத்தினேன், பொட்டியை மதுரைக்கு அனுப்பினேன். திரும்பி உக்காரணும்னு ஏன் தோணல எனக்கு? ஏன் தோணல?

கோபிநாத் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். காபிகூடக் குடிக்கவில்லை.

21 ஜூலை, திங்கள்

மதுரை. காது டாக்டர் என் வயசுப் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்தபோது சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே சோதனை செய்கிற பெண் ஏதேதோ திருகுவது தெரிகிறது. என் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது.

"எப்ப இருந்து?" என்றார் டாக்டர்.

"மாசத் தொடக்கத்துல. சளின்னு நெனச்சேன்."

"இது சளி இல்லம்மா. நரம்பு. திடீர்னு வரும், ஏன்னு பல பேருக்குத் தெரியாமலே போயிடும். வந்த மறுநாளே வந்திருந்தா வாய்ப்பு அதிகம்." சீட்டு எழுதிக்கொண்டே, "பார்ப்போம். மாத்திரை தர்றேன். காதுக்குள்ள ஊசியும் போடணும். தலைக்கு ஒரு ஸ்கேன்" என்றார்.

வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் உட்காரப்போனவர், நின்று, யோசித்து, "நீ இங்குட்டு வா" என்று என்னை எழுப்பி ஜன்னலோரம் அவர் போய்விட்டார். மேலூர் தாண்டித்தான் எனக்கு விளங்கியது. அவர் என் வலது பக்கம் வந்திருக்கிறார். திருப்பத்தூர் வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் கேட்கிற பக்கத்தில்தான் இருந்தார்.

22 ஜூலை, செவ்வாய்

ஸ்கேனில் கட்டி ஏதும் இல்லை. இவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

2 ஆகஸ்ட், சனி

இரண்டாவது ஊசி. அறை சுற்றியது. மாத்திரையில் முகம் உப்பிவிட்டது. அபி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அம்மா, என்னம்மா குண்டாயிட்ட" என்றது. பிள்ளையிடம் சளி என்றே சொல்லியிருக்கிறேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆறாவது ஆல்பம் வந்துவிட்டது. 'பேப்பர் லைட்ஹவுஸ்'. வருஷக் கடைசியில் வர வேண்டியது, முன்கூட்டியே போட்டுவிட்டார்களாம். பிரித்து அட்டையை மட்டும் பார்த்தேன். மூடி வைத்தேன்.

சாயந்திரம் அண்ணன். குரலில் அவ்வளவு குஷி.

"மூணாவது பாட்டு கேட்டியா சத்யா? கடைசியில, பின்னாடி இடது பக்கம் ஒரு பொம்பளைக் குரல். அவரு பாடி முடிச்சப்புறம் தனியா நிக்குது. கேசட்டுல அது கெடையவே கெடையாது!"

மூடி வைத்த பெட்டியைப் பார்த்தேன்.

"கேட்டேண்ணே. அருமையா இருக்கு."

"எப்படி இருக்கு சொல்லேன்."

எப்படி இருக்கும்? "தூரத்துல இருந்து கூப்புடுற மாதிரிண்ணே" என்றேன்.

அண்ணன் அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தது. பிறகு, "ம்... ஆமா. கூப்புடுற மாதிரித்தான்" என்றது.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காது போனதற்குக்கூட இப்படி அழவில்லை. அண்ணனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அதனிடம்தான் சொல்லியிருக்கிறேன். இதை எப்படிச் சொல்ல? அது சந்தோஷமாக இருக்கிற ஒரே விஷயத்தில் மண்ணை அள்ளிப் போடவா?

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றம். பாண்ட் செட் அடிக்கும்போது எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தெரியவில்லை. எல்லாமே வலது பக்கம்.

29 ஆகஸ்ட், வெள்ளி

மறுபடி கண்ணாடிக் கூண்டு. மறுபடி பொத்தான். சோதனைச் சீட்டில் இடது காதின் கோடு போன தடவை இருந்த இடத்திலேயே கிடக்கிறது.

"இனிமே இருக்கிற காதைக் காப்பாத்துவோம்மா" என்றார் டாக்டர். இடப்பக்கச் சத்தத்தை வாங்கி வலது காதுக்குக் கடத்துகிற ஒரு மிஷின் இருக்கிறதாம். வகுப்பெடுக்க உதவும் என்றார்.

"பாட்டு கேக்க?"

"பாட்டும் கேக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே காதுக்குத்தான் வரும்."

தலையாட்டினேன். வெளியே வந்து, "சரிங்க, போவோம்" என்றேன். இவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். எல்லாவற்றிலும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து மேலே போய் அந்த நாற்காலியைப் பார்த்ததும்... என்னத்துக்கு இது? அஞ்சு ஸ்பீக்கர், சுவத்துல இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னலுக்கு ரெண்டு அடுக்குத் திரை, தரையில எதிரொலிக்காம இருக்க ஜமுக்காளம். யாருக்கு? நகை வாங்கல நான், பட்டு வாங்கல. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணு. இது ஒண்ணைப் பிடுங்கணுமா?

14 செப்டம்பர், ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன், கோபிநாத்திடம் சொல்லி செட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று.

"எதுக்கு இப்ப அவசரம்?"

"மேல போறப்ப எல்லாம் கண்ணுல படுது."

"கதவைச் சாத்தி வையி."

"உங்களுக்கென்ன! நீங்க ஒருநா கேட்டிருக்கீகளா அதை? பொட்டி கட்டி ஒத்த ஆளுக்குப் போடுறேன்னு கேலி பண்ணீகள்ல. இப்ப அந்த ஒத்த ஆளும் இல்ல. தூக்கிப் போடுங்க."

கத்திவிட்டேன். நான் கத்துகிற சத்தம் எனக்கே பாதிதான் கேட்கிறது. அதனால் எவ்வளவு கத்தினேன் என்று தெரியவில்லை. எதிர் வீட்டு தேனம்மை ஆச்சி ஜன்னலைச் சாத்தினதைப் பார்த்தேன்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

19 செப்டம்பர், வெள்ளி

செட்டை அவர் கொடுக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

18 அக்டோபர், சனி

அண்ணன் தீபாவளிக்கு வருகிறது. அண்ணிக்கு லீவு இல்லை, தனியாகத்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. சந்தோஷம் பாதி, பயம் பாதி. முடியை இடது காது மறைக்கப் பின்னிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். காது போனது வெளியே தெரியுமா என்ன, பைத்தியம்.

19 அக்டோபர், ஞாயிறு

மறைக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம்கூட முடியவில்லை.

ரயிலடியில் கூட்டம். நான் அண்ணன் எந்தப் பெட்டியில் வரும் என்று வலது பக்கமாகவே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அது இடது பக்கம் இறங்கி வந்து, பின்னால் நின்று, "சத்யா, சத்யா" என்று கூப்பிட்டிருக்கிறது. விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறது. தோளைத் தொட்டதும் நான் அலறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டது. ஏதோ சொல்கிறது. நான் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுகிறேன். இவர் எனக்குக் கண்ணைக் காட்டுகிறார், எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அண்ணன் கேட்டது: "தண்ணி எங்க இருக்கு?"

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தது.

"மாப்ள, இவளுக்கு என்ன?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று தலையாட்டினேன். சொன்னார். ஜூலையிலிருந்து ஊசி, ஸ்கேன், கண்ணாடிக் கூண்டு, எல்லாம்.

"அப்ப அந்தப் பொம்பளைக் குரலு?" என்றது அண்ணன்.

"கேக்கலண்ணே. நான் பெட்டியையே போடல."

"அப்புறம் ஏன்டி கேட்டேன்னு சொன்ன? தூரத்துல கூப்புடுற மாதிரின்னு சொன்னியே!"

"நீ அவ்வளவு சந்தோசமாச் சொன்ன. அதான்..."

அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போனது. கோபம் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து நானும் போனேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை தான் என் வலது பக்கம் வருகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தது.

"எனக்கும் கேக்கல சத்யா."

"என்னண்ணே?"

"அந்தக் குரலு. எனக்கும் கேக்கல. குச்சி மாத்துறதும் கேக்கல. பட்டறையில இருபத்தேழு வருசம் இரும்பை ராவுற சத்தத்துக்குள்ளதான நின்னேன். மொத பத்து வருசம் காதுக்குப் பஞ்சு வைக்கணும்னே எவனும் சொல்லல. மெல்லிசுச் சத்தம் எல்லாம் எப்பவோ போயிருச்சு. மணி, சலங்கை, ஊசி விழுற சத்தம், ஒண்ணும் கேக்காது. பேச்சு கேக்கும், பாட்டு கேக்கும். ஆனா நீ சொல்ற அந்த நுணுக்கம் எதுவும் கேக்காது."

"பின்ன எப்படி ஒவ்வொரு வாரமும்..."

"இன்டர்நெட்டுல எவனாவது எழுதுவான், இங்க இது வருது, அங்க அது வருதுன்னு. அதைப் படிச்சுட்டு உனக்குப் போன் போடுவேன். கேட்டியா கேட்டியாம்பேன். நீ அது எப்படி இருக்குன்னு சொல்லுவ. நீ சொன்னப்புறம் திரும்பப் போட்டா, கேக்குற மாதிரி இருக்கும்."

நான் முழுசாக அண்ணன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ரெண்டு பெட்டி எதுக்கு வாங்குறேன்னு உங்க அண்ணி திட்டுவா. என் பெட்டி சும்மாதான் கெடக்குது சத்யா. நீ கேட்டாத்தான் நான் கேட்ட மாதிரி."

ஆகஸ்டில் நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் அண்ணன் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறது.

இரண்டு பேரும் அழுதோம். பிறகு எதற்கோ சிரித்தோம். இரண்டு செவிட்டுப் பிறவிக்கு அஞ்சு ஸ்பீக்கர் என்று அண்ணன் சொன்னது என்று நினைக்கிறேன். இவர் வாசல்படியில் துண்டோடு நின்றார், எங்களை என்ன செய்வது என்று தெரியாமல்.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

காலையில் பலகாரம் முடிந்ததும் அண்ணன் மேலே போய்விட்டது. கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு நானும் போனேன். 'பேப்பர் லைட்ஹவுஸ்' பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

"போடுறேன் சத்யா. அந்தப் பொம்பளை யாருன்னு தெரியாம நான் சிங்கப்பூர் போக மாட்டேன்."

"நம்ம ரெண்டு பேருல யாருக்குண்ணே கேக்கப்போகுது?" நாற்காலியைத் திருப்பிப் போட்டு அரைப் பாட்டுக் கேட்க எனக்கு மனசில்லை.

அண்ணன் மாடிப்படியில் நின்று கீழே கூப்பிட்டது. "மாப்ள! மேல வாங்க. ஒரு வேலை இருக்கு."

இவர் வந்தார். கையில் அதிரச மாவு. நாற்காலியில் உட்கார வைத்தோம். மூன்றாவது பாட்டு. வெளியே வெடிச் சத்தம், அதனால் ஜன்னலையும் சாத்தினேன். இவர் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆர்டேல் பாடி முடித்தார். கிட்டாரும் அடங்கியது. எனக்கு அதோடு முடிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். அதற்கும் முடிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

இவர் மட்டும் கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார்.

"இருக்கு" என்றார். "இங்குட்டு. ஒரு பொம்பளை."

"எப்படிப் பாடுது மாப்ள?"

"பாடல. வார்த்தை ஒண்ணும் இல்ல." இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கினார். "சாவு வீட்டுல எல்லாரும் அழுது ஓஞ்சப்புறம், ஒருத்தி மட்டும் உள்ள இருந்து முனகிக்கிட்டே இருப்பா பாருங்க. தான் முனகுறதே அவளுக்குத் தெரியாது. அப்படி."

நான் சொன்ன பொய் எவ்வளவு தவறு என்று தெரிந்தது. தூரத்திலிருந்து கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

"இன்னொருக்கப் போடுங்க மச்சான்" என்றார் இவர்.

25 அக்டோபர், சனி

அண்ணன் போய்விட்டது. ரயிலடியில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டே நின்றது. "ஏழாவது வரட்டும்" என்றது. "வேணாம்ணே" என்றேன். "நமக்கு இல்ல. மாப்ளைக்கு" என்றது.

17 நவம்பர், திங்கள்

காது மிஷின் மாட்டிக்கொண்டு முதல் நாள். பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. ஒலிப் பாடமும் இன்றைக்கே ஆரம்பம். "எனக்கு இந்தப் பக்கம் கேக்காது. ரெண்டு காது எதுக்கு இருக்குன்னு இன்னைக்கு அதை வச்சே படிப்போம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வகுப்பில் யாராவது கைதட்டட்டும், எங்கிருந்து என்று சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொன்னேன். முதல் இரண்டு தடவை சிரித்தார்கள். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. நான்காவது தடவை கையே தட்டவில்லை. கண்ணைத் திறந்தால் ஜன்னலோரப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

பாடம் நன்றாகத்தான் போனது. ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்ததும் மிஷினைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

30 நவம்பர், ஞாயிறு

அபியிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அழுதது. பிறகு, "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டது. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

ஏழாவது வந்தது. அண்ணன் ஒரே ஒரு பெட்டிதான் வாங்கியிருக்கிறது. இவர் பெயருக்கே அனுப்பியிருக்கிறது.

பொங்கல் நேரம், உர லோடு வந்து ஞாயிறும் கடை திறந்து கூட்டம். இவர் பிரிக்கவில்லை. நானும் எடுத்துப் பார்க்கவில்லை. ஏழும் சேர்ந்தால் அலமாரியில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசை இருந்தது. இன்று ஏழாவது, சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கிடக்கிறது. அது எனக்கு வலிக்கவில்லை என்பதுதான் வலித்தது.

7 பிப்ரவரி, சனி

சிவகங்கையில் ஆசிரியர் பயிற்சி. சாயந்திரம் ஆட்டோவில் வந்து இறங்கினால் தெருவில் பாட்டுச் சத்தம். எங்கிருந்து என்று எனக்குப் பிடிபடவில்லை. தேனம்மை ஆச்சி வீட்டில் விசேஷம்போல என்று நினைத்து அங்குட்டுப் பார்த்தேன். ஆச்சி ஜன்னலில் நின்றுகொண்டு, "ஒங்க வீட்டுலதேன்" என்று கையைக் காட்டினார்.

செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது.

அவர் நடு நாற்காலியில். கடையிலிருந்து நேரே வந்திருக்கிறார், சட்டையில் உரத்தூள். கண் மூடியிருக்கிறது. கை மடியில். பாட்டு பின்னால் எங்கேயோ திரும்பும்போது தலையும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்கிறது. நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டை நான் அறிவேன், பத்தாவதில் மனப்பாடம் பண்ணியது. ஆனால் அவர் இப்போது எதற்குத் தலையைச் சாய்த்தார் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே போகலாம். போனால் எழுந்து எனக்கு இடம் விடுவார். விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போகவில்லை. அரிசி களைந்து போடக் கீழே இறங்கினேன். பாட்டு முடிந்தது. இறங்கி வருவார் என்று காபிக்குப் பால் வைத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம், பிறகு இன்னொரு டிஸ்க்கின் முதல் பாட்டு.

அடுப்பைக் குறைத்து வைத்தேன்.